வெங்காயம் இருந்த தொட்டி

அத்தை,

இன்று காலை கூரியர்காரர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பெங்களூரிலிருந்து உங்கள் பேத்தி, என் மகள், அனுப்பியது. மாடியில் நான் வளர்க்கும் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் உரமாம். கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினேன். உள்ளே மல்லாட்டைப் புண்ணாக்கு, கடைக்காரர்கள் கடலைப் புண்ணாக்கு என்பார்களே, அதுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து அந்த மீன் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டியைப் பரணிலிருந்து சமீபத்தில்தான் இறக்கினேன். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

திண்டிவனத்து வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். உங்கள் மகன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் வேலை, குழந்தை, போக்குவரத்து என்று ஓடிக்கொண்டிருக்கிறாள். தனியாக இருப்பதற்கு நான் பழகியவள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பழகியவள்தான். ஆனால் யாரும் இல்லாத வீட்டில் தனியாக இருப்பது வேறு, இன்னொருவர் இருக்கும் வீட்டில் தனியாக இருப்பது வேறு. இரண்டாவதை நான் உங்களோடு இருந்த அந்த முதல் வருஷத்தில் அனுபவித்தேன். நீங்களும் அனுபவித்தீர்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். சித்திரையில் உங்கள் மகன் ஒயர்மேன் வேலைக்கு மஸ்கட் போய்விட்டார். நான் விழுப்புரத்துப் பெண். கணவன் வீடு என்று வந்தேன். கணவன் போய்விட்டார், வீடு மட்டும் இருந்தது. வீட்டுக்குள் நீங்கள் இருந்தீர்கள். மாமனார் எப்போதோ தவறிப்போய், ஒற்றை மகனை வளர்த்து ஆளாக்கியவர். நெற்றியில் திருநீறும், இடுப்பில் சாவிக்கொத்தும், வாயில் பேச்சே இல்லாமலும்.

பேச்சே இல்லை என்று சொன்னால் பொய். பேசுவீர்கள், ஆனால் என்னிடம் இல்லை. பெயர் சொல்லி ஒருநாள் கூப்பிட்டதில்லை. மருமகளே என்றும் இல்லை, ஏய் என்றுகூட இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்படிச் சுவரைப் பார்த்துச் சொல்வீர்கள். "சோறு ஆறிப்போவுது" என்பீர்கள். சுவர் எழுந்து சாப்பிட வராது என்பதால் நான் வருவேன். "பால்காரன் வந்து நின்னுகினு இருக்கான்" என்று தூணிடம் சொல்வீர்கள். நான் போய்ப் பால் வாங்குவேன். நானும் உங்களுக்குச் சளைத்தவள் இல்லை. வெளியே கிளம்பும்போது செருப்பைப் பார்த்து, "கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்பேன். நம் வீட்டுச் செருப்புக்கும் தூணுக்கும் காது இருந்திருந்தால் அவை இரண்டும் நம்மைக் கண்டு சிரித்திருக்கும்.

எனக்கு உங்கள்மேல் ஒரு கோபம் இருந்தது. புதிதாகக் கல்யாணமான பிள்ளையை இந்த அம்மாதான் கடல் தாண்டி அனுப்பிவிட்டாள் என்று நம்பினேன். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டு நானே நம்பினேன்.

அவரிடமிருந்து கடிதம் வரும். உங்களுக்குப் படிக்கத் தெரியாது; நான்தான் படிக்க வேண்டும். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று தொடங்கி, வெயிலையும் ரொட்டியையும் பற்றி ஒரு பக்கம் எழுதி, கடைசி வரியில் 'அவளையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று முடித்திருப்பார். அந்த வரியையும் நானே உரக்கப் படிப்பேன். என்னை விசாரித்ததாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டு, கடிதத்தை மடித்து உங்களிடம் கொடுப்பேன். நீங்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வீர்கள். எனக்கு ஒற்றிக்கொள்ள அதில் எதுவும் இருக்காது.

அந்த நாட்களில்தான் தொட்டி என் கண்ணில் பட்டது. அது எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசு. உங்கள் மகனோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கித் தந்த கண்ணாடித் தொட்டி. நாலு மூலைக்கும் இரும்புச் சட்டம் போட்டது. மீனும் தரவில்லை, எப்படி வளர்ப்பது என்றும் சொல்லவில்லை. நீங்கள் அதைக் காற்றோட்டமான சாமான் என்று எடுத்துக்கொண்டு, சின்ன வெங்காயம் கொட்டி அடுப்படியில் வைத்திருந்தீர்கள். கண்ணாடி வழியாக வெங்காயம் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

எனக்கு அந்தத் தொட்டியைப் பார்த்தால் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலிருந்த போட்டோ ஸ்டுடியோ ஞாபகம் வரும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப என்னைப் படம் எடுக்க அங்கேதான் அழைத்துப் போனார்கள். காத்திருந்த நேரத்தில் அங்கே ஒரு மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனைவிடச் செடிதான் அதில் நிறைய. தண்ணீருக்குள் ஒரு தோப்பு. இலைக்கு நடுவில் மீன் ஒளியும், வரும், மறுபடி ஒளியும். போட்டோவில் நான் சிரித்தபடி இருப்பதற்கு அந்த மீன்தான் காரணம். அந்த போட்டோவைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னீர்களாம். பிற்பாடு தெரிந்தது.

வைகாசியில் அம்மா வீட்டு விசேஷத்துக்கு விழுப்புரம் போனபோது, மார்க்கெட் சந்தில் மீன் விற்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் எடுத்ததும் மீன் தர மறுத்தார். மணலைக் கழுவிப் போட்டு முதலில் செடியை நட வேண்டும். செடி வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்டால்தான் தண்ணீர் மீனுக்கு ஆகும். துளிர் கண்டதும் வந்து மீன் வாங்கிக்கொள் என்றார். நட்டதும் பழைய இலையெல்லாம் மஞ்சளாகிப் போகும், பயப்படாதே என்றார். தண்ணீர் மாற்றும்போது பாதியை மட்டும் மாற்று, பழைய தண்ணீர் பாதி இருக்கட்டும் என்றும் சொன்னார். நாடா மாதிரி நீண்ட இலை உள்ள செடி ஒரு கட்டு கொடுத்தார். இதில் ஒரு வார்த்தையைக்கூட வீட்டுக்கு வந்து நான் உங்களிடம் சொல்லவில்லை. நமக்குள்தான் பேச்சு கிடையாதே.

வெங்காயத்தைக் கூடைக்கு மாற்றினேன். "வெங்காயத்துக்கு வூடு போச்சி" என்றீர்கள் சுவரிடம். தெருவில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த ஆற்று மணலைக் கேட்டு வாங்கி வந்து, கொல்லையில் வாளி வாளியாகக் கழுவினேன். கிடங்கல் ஏரிக்குப் போய் வேலம்பாசி கொண்டுவந்தேன். கூடத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் தொட்டியை வைக்கப் போனபோது, நீங்கள் உள்ளே போய் ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டீர்கள். கல்யாணத்தன்று நான் உட்கார்ந்த மணை அது. அதன்மேல் ஒரு கோணியை நாலாக மடித்து விரித்தீர்கள். வேலை முடிந்ததும் தூணிடம், "தண்ணிக்குள்ள பயிர் வெக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

செடிகள் நட்ட சில நாட்களில் கடைக்காரர் சொன்னபடியே பழைய இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. எனக்குக் கவலை இல்லை. நீங்கள் தொட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நடை தளர்வதைப் பார்த்தேன். காணை கிராமத்துப் பக்கம் கரும்பும் மல்லாட்டையும் போட்ட குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். பயிர் மஞ்சளடித்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது, தொட்டியைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மணலோடு ஒட்டி நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை தெரிந்தது. துளிர். குனிந்து பார்த்தால்தான் தெரியும். மீன் வாங்கப் போவதாகச் செருப்பிடம் சொல்லிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். சிவப்பு வால் வைத்த கப்பி மீன்கள் வாங்கி, பிளாஸ்டிக் பையைத் தோளோடு அணைத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பி, தொட்டியில் விட்டேன். அன்று ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டு எடுத்துவந்து தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வேண்டும் என்று நான் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. அதற்கு மறுநாள் அரிசி களைந்த தண்ணீர்போல ஆகிவிட்டது. கூடம் முழுக்க ஒரு நாற்றம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடித் தண்ணீர் பிடித்து வருவதற்குள் எல்லாம் பக்கவாட்டில் மிதந்தன. செடியைப் பிடுங்கினேன். ஒவ்வொரு வேருக்கு அடியிலும் மணலுக்குள் ஊறிப் புளித்துப்போன ஒரு கட்டி. பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். மல்லாட்டைப் புண்ணாக்கு.

நான் விழுப்புரம் போயிருந்த நேரத்தில் நீங்கள் அதைச் செய்திருக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்குத் துளிர் தெரியவில்லை, மஞ்சள்தான் தெரிந்தது. மீன் வரும் நாளில் பயிர் வாடிக் கிடக்கக் கூடாது என்று செக்கிலிருந்து வந்த புண்ணாக்கை உடைத்து, முழங்கைவரை தண்ணீரில் விட்டு, வேருக்கு வேர் வைத்திருக்கிறீர்கள். கரும்புக்கும் கத்தரிக்கும் மல்லிகைக்கும் அதைத்தானே வைத்தீர்கள். எந்தச் செடியும் உங்களுக்குத் துரோகம் செய்ததில்லை. கண்ணாடிக்குள் அடைத்த தண்ணீரில் அது அழுகி, மீனின் மூச்சை அடைக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சொல்லியிருக்க வேண்டியவள் செருப்போடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெங்காயத்தைக் காலி செய்ததற்குப் பழி வாங்கிவிட்டார்கள் என்று தோன்றியது. எனக்கென்று இருந்த ஒன்றையும் வைத்திருக்க விடவில்லை என்று தோன்றியது. கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றேன். நீங்கள் பார்த்தீர்கள். முகம் வெளுத்துப்போனது. சுவரைப் பார்த்து, "செடி மஞ்சளடிச்சிகினு இருந்துது" என்றீர்கள். நான் துணிமணிகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டேன். "எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்று எந்தப் பொருளிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீங்கள் தடுக்கவில்லை.

நல்லவேளையாக ஆடி பிறந்திருந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம்தானே. புருஷன்தான் ஊரில் இல்லையே, ஆனாலும் ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா தெருவில் சொல்லிச் சமாளித்தாள். அந்த வீட்டில் என் கட்டில் இருந்த இடத்தில் அண்ணி தையல் மிஷினைப் போட்டிருந்தாள். யாரும் முகம் கோணவில்லை. ராத்திரி மிஷினை நகர்த்தி எனக்குப் பாய் விரித்தார்கள், காலையில் பாயைச் சுருட்டி மிஷினை நகர்த்தினார்கள். ஆடி முடிந்து ஆவணி வந்தது. தெருவில் சொல்ல அம்மாவிடம் காரணம் தீர்ந்துபோனது. "எப்ப வந்து கூட்டிக்கினு போறாங்க?" என்று ஒருத்தி கேட்டால், அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். நான் ரயில் சத்தத்தைக் கேட்பதுபோல் இருப்பேன். பிறந்த வீட்டில் விருந்தாளி, புகுந்த வீட்டில் வேண்டாதவள். இரண்டு ஊருக்கும் நடுவில் எங்காவது ஒரு வீடு இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் முற்பகல். அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் நீங்கள் நின்றீர்கள். தனியாகப் பஸ் ஏறாதவர். போர்டு படிக்கத் தெரியாதவர். யார் யாரையோ கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தீர்கள். முகமெல்லாம் வேர்வை. கையில் ஒரு தூக்கு, மூடி இல்லாமல். தண்ணீர் தளும்பிப் புடவை முன்பக்கம் நனைந்திருந்தது. அம்மா பதறி எழுந்து, "உள்ள வாங்க சம்மந்தி" என்றாள். நீங்கள் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினீர்களே தவிர நகரவில்லை. நேராக என்னைப் பார்த்தீர்கள். சுவரை இல்லை, தூணை இல்லை, என்னை. தூக்கை என் முன்னால் நீட்டினீர்கள்.

"தோ பாரு. துளிர் வுட்டுகினு இருக்குது. மீனு எந்தக் கடையில வாங்கன? வா, போயி வாங்கிக்கினு வூட்டுக்குப் போலாம்."

தூக்கில் எட்டிப் பார்த்தேன். நாடா இலைச் செடி ஒன்று, வேரோடு. பழைய இலை ஒன்றுகூட இல்லை. நடுவிலிருந்து விரல் நீளத்துக்குப் பளிச்சென்று புது இலைகள். நான் அழுதேன். நீங்கள், "அழுவாத, தண்ணி சூடாவுது" என்றீர்கள். அது எனக்குச் சொன்னதா செடிக்குச் சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். நின்றபடியே குடித்தீர்கள்.

நான் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எதிர்வீட்டு அக்கா எனக்குப் பிற்பாடு சொன்னாள். தொட்டி மணல் அத்தனையையும் கொல்லையில் கொட்டி, அரிசியில் கல் அரிக்கிற அரிக்கஞ்சட்டியை எடுத்துவைத்து, பிடிப் பிடியாக அரித்தீர்களாம். புண்ணாக்குப் பிசுக்கு போகவில்லை என்று வெந்நீர் அண்டாவில் மணலை வேகவைத்தீர்களாம். மணலை வேகவைக்கிறவளை இந்தத் தெரு பார்த்ததில்லை என்று அக்கா சிரித்தாள். பிடுங்கிப் போட்டிருந்த செடிகளில் உயிர் இருந்ததைத் தேடி எடுத்து மறுபடி நட்டு, இம்முறை ஒன்றும் வைக்காமல், காலையும் மாலையும் எதிரில் உட்கார்ந்திருந்தீர்களாம். ஒன்றும் வைக்காமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மார்க்கெட் சந்தில் மீன் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். கடைக்காரரைப் படாதபாடு படுத்தினீர்கள். இது சோர்ந்து இருக்கிறது, அது வால் மடிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினீர்கள். "ஜல்தியா நீஞ்சறதா குடுப்பா" என்றீர்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டீர்கள். பக்கத்தில் நான், கையில் செடித் தூக்கோடு. பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. ஒரு குலுக்கலில் உங்கள் தோள் என்மேல் இடித்தது. அப்போது கேட்டீர்கள்.

"நீ சொல்லித்தான் அவன் போனானா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. மஸ்கட்டைச் சொல்கிறீர்கள் என்று புரிந்ததும், "நீங்கதான் அனுப்பினீங்கன்னு நான் இருந்தேன்" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு அனுப்பறேன்? இருக்கறது ஒரு புள்ள."

நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள். மல்லாட்டைக் கொல்லைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. புதுப் பெண்டாட்டி நகைக்கும் புடவைக்கும் ஆசைப்பட்டு என் மகனை விரட்டிவிட்டாள் என்று நீங்கள் இத்தனை மாதமும் நினைத்திருக்கிறீர்கள். நீங்கள்தான் விரட்டினீர்கள் என்று நான் நினைத்திருக்கிறேன். அவர் நம் இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது கூட்டேரிப்பட்டுக்கு அருகில்தான் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. "இவங்கப்பனும் அப்படித்தான். கெளம்பி நின்னுகினுதான் சொல்லுவாரு" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். உங்களுக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதை அன்றுதான் பார்த்தேன். முந்தானையை விலக்கி மீனைப் பார்த்து, "திண்டிவனம் வந்துட்டுது, எழுந்திருங்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகு சுவருக்கும் தூணுக்கும் வேலை போய்விட்டது. மீனுக்கு வேலை வந்தது. என்மேல் கோபம் வந்தால் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, "உங்கம்மா இன்னைக்கு ரசத்துல உப்பு போட மறந்துட்டா, கேளு" என்று மீனிடம் சொல்வீர்கள். நானும் மீனிடமே பதில் சொல்வேன். செடிகள் அடர்ந்து, ஸ்டுடியோவில் பார்த்ததைவிடப் பெரிய தோப்பாகின. சாயங்காலம் கரண்ட் போனால் விளக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பீர்கள். பச்சை வெளிச்சம் கூடத்தில் பரவும். அவர் இல்லாத வருத்தம் அந்த வெளிச்சத்தில் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இருந்தது. உங்களுக்கும் இருந்தது. அதை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து வருத்தப்பட்டோம், அவ்வளவுதான்.

அவர் முதல் லீவில் வந்தபோது பெட்டியை வைத்துவிட்டு, "இதுல வெங்காயம்ல இருந்துது?" என்று கேட்டார். நீங்களும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததில் அவர் கொஞ்சம் திகைத்துப்போனார். தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்ததுபோல் இருந்திருக்கும். பாவம்தான். ஆனால் கேட்காமல் போனவர்தானே.

பேத்தி பிறந்து தவழ்ந்த வருஷம், ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பேசினீர்கள். என்னிடம், "தண்ணி மாத்தினியா?" என்று மட்டும் கேட்டீர்கள். மாற்றினேன் என்றேன். "பாதிதான?" என்றீர்கள். பாதிதான் என்றேன். அதுதான் நமக்குள் கடைசிப் பேச்சு.

அவரால் வந்து சேர முடியவில்லை. உங்களை எடுத்துப் போன பிறகு உறவுப் பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். தீட்டு என்று வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரையெல்லாம் கொட்டினார்கள். குடம், அண்டா, தவலை, குளிக்கும் தொட்டி எல்லாம் கவிழ்ந்தன. வயதான ஒருத்தி மீன் தொட்டிக்கு வந்தாள். "இதுவும் தண்ணிதானம்மா, கொட்டிடு" என்றாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். நான் பெரியவர்களை எதிர்த்துப் பேசியவள் இல்லை. "இது எங்க அத்தை ஊத்தன தண்ணி. கொட்ட மாட்டேன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். மூன்றாம் நாள் பாதித் தண்ணீரை மாற்றினேன். மீதிப் பாதியில் நீங்கள் இருந்தீர்கள். அடுத்த முறை மாற்றியபோதும் கொஞ்சம் இருந்தீர்கள் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் வருஷக்கணக்காக ஓட்டினேன்.

பிற்பாடு அவர் ஊரோடு வந்துவிட்டார். சட்டம் துருப்பிடித்துத் தொட்டி ஒழுகத் தொடங்கியது. மீனை ஒரு கிணற்றில் விட்டுவிட்டுத் தொட்டியைப் பரணில் ஏற்றினோம். அவரும் நானும் நல்லபடியாகத்தான் வாழ்ந்தோம். அதிகம் பேசாத மனிதர். ஆனால் சுவரிடமும் பேசாதவர்.

அவர் போன பிறகு இந்த வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது. ஒருநாள் தட்டில் சோறு போட்டுவிட்டு, "சோறு ஆறிப்போவுது" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன்? திரும்பிப் பார்த்தால் சுவர். எனக்குப் பயமாகிவிட்டது. அன்று சாயங்காலம் ஆளைக் கூப்பிட்டுத் தொட்டியை இறக்கச் சொன்னேன். கண்ணாடிக் கடையில் ஓரங்களுக்குப் புதிதாகப் பசை வைத்துக் கொடுத்தார்கள். மணை இன்னும் இருக்கிறது, கோணி மட்டும் புதிது. மணலை உங்கள் அரிக்கஞ்சட்டியில்தான் அரித்தேன். வேகவைக்கவில்லை, கேஸ் விற்கிற விலையில் நீங்களே வேண்டாம் என்பீர்கள். செடி நட்டேன். ஒன்றும் வைக்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். இலைகள் மஞ்சளாகிப் போயின.

இன்று புண்ணாக்கு வாசனையோடு வந்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். மணலோடு ஒட்டி, நகக்கண் அளவு. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். துளிர்தான். மகளுக்குப் போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாள். சரிம்மா என்று வைத்துவிட்டேன். அவள்மேல் குற்றமில்லை. ஒரு செடி துளிர்த்ததை இவ்வளவு அவசரமாக யாரிடம் சொல்ல முடியும்? ஊரிலேயே ஒருவரிடம்தான் சொல்லியிருக்க முடியும், அவருக்குத்தான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பொட்டலத்தை மாடிக்குக் கொண்டுபோய் ரோஜாவுக்கு வைத்துவிட்டு, கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவினேன். அப்படியும் வாசனை போகவில்லை. நாளை விழுப்புரத்துக்குப் போவதாக இருக்கிறேன். மார்க்கெட் சந்தில் அந்தக் கடை இல்லை, வேறு எங்கோ ஒன்று இருக்கிறதாம். உங்கள் தூக்கைத் தேடி எடுத்துத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் உட்கார மாட்டேன். அடுத்ததில் உட்கார்ந்துகொள்வேன்.

எல்லாம் எடுத்துவைத்த பிறகு அடுப்படிக்குப் போனேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வாய்விட்டே சொன்னேன்.

"அத்தை, தோ பாருங்க. துளிர் வுட்டுகினு இருக்குது. வாங்க, போயி மீனு வாங்கிக்கினு வூட்டுக்கு வந்துடலாம்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.